தேவியின் கரம்

சென்ற வாரம், 1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் ராமராயர் சிரசிழந்து வீழ்ந்ததையும், அவர் தம்பி திருமலைராயர் ராஜ பொக்கிஷத்தை யானைகள்மேல் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவை நோக்கி அகன்றதையும் கண்டோம். காப்பாரின்றி மாதக்கணக்கில் சூறையாடப்பட்ட விஜயநகரத்தின் மிச்சத்தை, துங்கபத்திரையின் தென்கரையிலே, ஹம்பியில் இனி நேரில் காண்போம்.

ஹொசபேட்டையிலிருந்து கமலாபுரத்தைத் தாண்டியதும், கண்ணுக்கெட்டிய வரை பாறைகளே. அவற்றுள் பலவற்றில், தையலிட்டாற்போல் ஒரே வரிசையாக உளித்துளைகள் ஓடுகின்றன. ஆப்பறைந்து பிளப்பதற்கென்று துளையிட்டு, பின்பு பிளக்காமலே விட்டுப்போன கற்களும் அங்கங்கே கிடக்கின்றன.

ஹஜாரராமர் கோயிலின் வெளிமதிலில் யானைகளும் குதிரைகளும் காலாட்களும் நடனமாதரும் நிரை நிரையாகச் செல்கின்றனர். 1520-ஆம் ஆண்டையொட்டி இந்நகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான தோமிங்கோ பயேஸ், மகாநவமி உற்சவத்தைக் கண்டு எழுதி வைத்த குறிப்புகளைப் படித்தவர்கள், இம்மதிலைப் பார்க்கையில் அவ்விழாவையே பார்த்ததாக எண்ணி நின்றுவிடுவார்கள்.

கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று கொணர்ந்த பாலகிருஷ்ணனுக்காக எழுப்பிய ஆலயத்தில் இன்று மூலவர் இல்லை. அந்த விக்கிரகத்தை நம் சென்னை அருங்காட்சியகத்தில்தான் தரிசிக்க வேண்டும். அவ்வாலயத்துக்குச் சற்றுத் தெற்கே, அதே அரசர் 1528-இல் பிரதிஷ்டை செய்வித்த நரசிம்மர், ஏழு தலைச் சேஷனின் குடைக்கீழ், ஒரே பாறையில் சுமார் இருபத்திரண்டு அடி உயரத்துக்கு வீற்றிருக்கிறார். பிதுங்கிய விழிகளையும் அகன்ற வாயையும் கண்டு ஜனங்கள் அவரை உக்கிரநரசிம்மர் என்றே அழைக்கிறார்கள். ஆனால் சிற்பி வடித்தது உக்கிரமூர்த்தியையன்று, லட்சுமிநரசிம்மரை. மடியில் அமர்ந்திருந்த தேவியை இடித்தவர்கள் உடைத்தெறிந்துவிட்டார்கள். பெருமானின் கரங்களும் முறிந்தன. எனினும், பின்புறம் சென்று பொறுமையாக நோக்குவோருக்கு, அவர் முதுகைத் தழுவிப் படிந்திருக்கும் ஒரு சிறு கை புலப்படும். தேவியின் திருவுருவில் அந்த இடத்தில் எஞ்சியது அவ்வொரு கைதான். சம்மட்டிக்கு எட்டாமற் போனதோ, பிடித்த பிடியை விட மனமின்றி நின்றதோ, அறியேன். அதைக் கண்டபின் முன்புறம் வந்து அம்முகத்தை மறுபடி நோக்கியபோது, அதில் எனக்கு உக்கிரம் தெரியவில்லை.

பக்கத்திலேயே, கூரையிழந்த சிறு கருவறையில், படவிலிங்கத்தின் பீடம் நீரில் மூழ்கி நிற்கிறது. ராயர் காலத்தில் வெட்டிய வாய்க்கால்கள் இன்றும் வற்றவில்லை. இடிந்த மண்டபங்களுக்கு நடுவே நெல்லும் வாழையும் பசுமையாகத் தழைத்திருக்கின்றன.