சுக்கான் பிடிச்ச பெரில்

ஸ்மீட்டன் சோடியைப் பற்றிப் பேசினால், மைல்ஸ் கப்பலோட்டினவர், மனைவி கூடப்போனவ என்றுதான் வாசித்துப் பழகியிருக்கிறோம். இது எங்களுக்குச் சரியாப் படேல்ல.

1957 பெப்ரவரி 14. 'சூ ஹாங்' என்ற 46 அடிப் பாய்ப்படகு ஹோர்ன் முனையை நோக்கிப் போகுது. சுக்கான் பெரிலின்ர கையில. பின்னால் எழும்பின அலையொன்று படகைத் தலைகுப்புறப் புரட்டினது. இடுப்புக் கயிறு அறுந்து பெரில் கடலுக்குள்ள. காயத்தோட நீந்தி வந்து ஏறினவ, உடனே வாளி எடுத்துத் தண்ணி இறைக்கத் தொடங்கிட்டா. பாய்மரம் ரெண்டும் போச்சு. கூட வந்த ஜோன் குஸ்வெல்லுக்குத் தச்சுவேலை தெரிஞ்சதால (இல்லாட்டி கதை அவ்வளவுதான்) சிலிக்கு ஒருமாதிரிப் போய்ச் சேர்ந்தினம்.

அந்த டிசம்பரில் ரெண்டு பேருமா மட்டும் திரும்பப் புறப்பட, படகு மறுபடியும் உருண்டது. 1968 டிசம்பரில்தான் முனையைச் சுற்றினவை. அப்ப பெரிலுக்கு 63 வயது.