உப்போடு பிறந்த கீரை

பழவேற்காட்டின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது டச்சுக்காரர்கள்தான். 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, துணி ஏற்றுமதி, வெடிமருந்துத் தொழிற்சாலை, மண்டையோடு செதுக்கிய கல்லறைகள். பஞ்ச காலங்களில் மனிதர்களை மலிவாக வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றிய கணக்கையும் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கரையில் மிஞ்சியவர்கள் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்று எழுதவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் ஏரிக்கரைச் சேற்றில் இன்னும் முளைக்கிறது என்று நினைக்கிறேன். உமரி. தண்ணீர் வடிந்து உப்புப் பூத்த தரையில், வேறெதுவும் தலைகாட்டத் தயங்கும் இடத்தில், சதைப்பிடிப்பான சின்ன இலைகளோடு படரும் செடி. வெயில் ஏற ஏற சிவந்துபோகும்.

இதற்கு எழுத்துச் சாட்சி இதே சோழமண்டலக் கரையில், வடக்கே காக்கிநாடாவுக்குப் பக்கத்துச் சாமல்கோட்டையிலிருந்து வருகிறது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. 1791 முதல் 1793 வரையிலான பஞ்சத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் 1815இல் இறந்த பிறகு அச்சான 'ஃப்ளோரா இண்டிகா'வில், இன்று சுவேடா இனத்தில் சேர்க்கப்படும் உமரி வகையைப் பற்றிச் சொல்கிறார்: கடலோரத்தில் எல்லா மக்களும் இதை உண்கிறார்கள், அந்தப் பஞ்சத்தில் இந்தக் கீரை மட்டுமே பல ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றியது, ஏழைகளுக்கு அது இருந்தவரை வேறு சாப்பாடு அதிகம் இல்லை. அவர் தலைகளை எண்ணவில்லைதான். நான் எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன். ஆனாலும் இதை நம்புகிறேன். மழையையும் வெப்பத்தையும் வருடக்கணக்காகக் குறித்துவைத்த ஆள், வாய்க்கு வந்ததை எழுதியிருக்க மாட்டார்.

1805இல் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சதுப்பில் தானாக விளைந்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. காசு கொடுத்து உப்பு வாங்க முடியாத குடிசைகளில் உமரிக்கு மதிப்பு கூடியிருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் அது உப்போடுதான் வருகிறது. இலைக்குள் தேங்கிய உப்புக்கு எந்தச் சுங்க அதிகாரி வரி போடுவான்?

ஏரியோரக் குப்பம் ஒன்றில் ஒரு பாட்டியிடம் சமையல் பக்குவம் கேட்டேன். நுனியை மட்டும் கிள்ளணும். கொதிக்கிற தண்ணியில போட்டு, தண்ணியை வடிச்சு, நல்லாப் பிழிஞ்சு எடுக்கணும். அப்புறம் சின்ன வெங்காயம், காஞ்ச மிளகாய், ஒரு கை சென்னாகுன்னி.

"உப்பு எவ்ளோ, ஆயா?"

"உப்பா? அது பொறக்கும்போதே போட்டுக்கினு வந்துருச்சுப்பா."

இதன் நெருங்கிய சொந்தமான செடியை ஐரோப்பிய உணவகங்களில் மீனுக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கிறார்கள், நல்ல விலைக்கு. இங்கே நிலைமை வேறு. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் இந்தக் கரையோரங்களில் கரை கட்டிக் குளம் வெட்டின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் அவற்றுக்குத் தடை விதித்தது. தீர்ப்பில் நிலத்தடி நீர் உண்டு, வேளாண்மை உண்டு, மீனவர் பிழைப்பு உண்டு. உமரிக்கு மனுப் போட யார் இருக்கிறார்கள்?

பண்ணைகளைவிட அதிகமாக அதை ஒளித்துவைத்திருப்பது வெட்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. மதியம் சாப்பிடச் சொன்னபோது, அந்தக் கீரையே போதும் என்றேன். பாட்டியின் மருமகள் சட்டென்று மறித்தார். "வந்தவங்களுக்குப் போயி அதையா போடுவாங்க?" மடவை மீன் குழம்பு வந்தது. அடுப்படியில் மூடியிருந்த சட்டியை அவர் திறக்கவே இல்லை.