குமாரபாளையத்தில் வீட்டு இணையம்: தொலைபேசிக் கம்பியிலிருந்து கைபேசிக் கோபுரம் வரை

வீட்டுக்கெனத் தனியாகக் கம்பி இழுக்காமல், கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசையையே வீட்டின் இணைய இணைப்பாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் வேரூன்றியுள்ளது. நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் பல குடும்பங்கள் தொலைபேசிக் கம்பி என்ற படியைத் தாண்டி, நேரே கைபேசியின் வழியாகவே இணையத்துக்குள் நுழைந்தன. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதனால் வீடுகள் பெற்றது என்ன, பெறத் தவறியது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரின் அமைப்பு

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிரே அமைந்துள்ள நகராட்சி ஆகும். சேலம் – கோயம்புத்தூர் தேசிய நெடுஞ்சாலை இதை ஒட்டிச் செல்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 71 ஆயிரம் பேர் வசித்தனர். லுங்கி, துண்டு, கைக்குட்டை போன்றவற்றை நெய்யும் விசைத்தறிகளும் அவற்றைச் சார்ந்த சாயத் தொழிலும் ஊரின் பிழைப்பு. பொறியியல், மருந்தியல், கலை அறிவியல் கல்லூரிகளும் இங்கு உள்ளன.

ஆற்றைக் கடந்தால் பவானி. ஆனால் தொலைபேசிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு ஊர்கள். குமாரபாளையத்தின் எஸ்.டி.டி. குறியீடு 04288, பவானியின் குறியீடு 04256. கம்பிவழித் தொலைபேசி என்பது பரிமாற்ற நிலையத்தின் எல்லையோடு கட்டுண்ட ஒன்று என்பதற்கு இது எளிய சான்று.

கம்பியின் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. முதலில் சேவை பெற்ற பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. அந்நாளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. மோடம் எண்ணைச் சுழற்றி இணைப்புப் பெறும். இணைப்பு இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசியில் வேறு அழைப்பு வராது.

அதற்கு முதலில் வீட்டில் தொலைபேசி இருக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தொலைபேசி இல்லாத வீட்டு மாணவர்களுக்குக் கடைத்தெருவின் பிரவுசிங் சென்டரே இணையம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு நாளில் அங்கே கூட்டம் நெரியும்.

2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் தொடக்க அளவாக வரையறுத்தது. (இந்த அளவு 2013இல் 512 கிலோபிட்டாகவும் 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.) 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டேட்டாஒன் என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. பழைய செப்புக் கம்பியிலேயே பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் சென்றன. ஆனால் இத்தொழில்நுட்பத்துக்கு ஓர் இயல்பான வரம்பு உண்டு. பரிமாற்ற நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட வேகம் குறையும். நான்கைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பயன்படாத அளவுக்குத் தேயும். பழுதடைந்த இணைப்பும் மழைநீர் புகுந்த கேபிளும் இருந்தால் அருகிலுள்ள வீட்டுக்கும் அதே நிலைதான்.

வாடகை வீட்டில் குடியிருந்து, வேலை கிடைக்கும் தறிப்பட்டறைக்கு ஏற்ப வீடு மாறும் தொழிலாளர் குடும்பத்துக்குக் கம்பி இணைப்பு பொருந்தவில்லை. முகவரிச் சான்று, வைப்புத்தொகை, மாத வாடகை, வீடு மாறினால் மாற்று விண்ணப்பம் என ஒவ்வொன்றும் நிலையான வீட்டையும் நிலையான வருமானத்தையும் எதிர்பார்த்தன.

கம்பியில்லா முதல் முயற்சி

கம்பியின் இந்தத் தடையைத் தமிழ்நாட்டிலேயே முன்கூட்டி உணர்ந்தவர்கள் இருந்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது டெனெட் குழுவினரும், ஒரு தொலைபேசி இணைப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி பரிமாற்ற நிலையத்திலிருந்து வீடு வரை வரும் கம்பிக்கே போகிறது என்று சுட்டிக்காட்டினர். அக்கம்பிக்குப் பதிலாக வானொலி அலையைப் பயன்படுத்தும் கோர்டெக்ட் என்ற அமைப்பை, மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜிஸ், அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து 1990களில் உருவாக்கினர். கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவில் பேச்சுடன் 35 அல்லது 70 கிலோபிட் வேக இணையத்தையும் அது தந்தது.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் ‘சாரி’ என்ற திட்டத்தின் கீழ் இவ்வமைப்பைக் கொண்டு கிராமங்களில் இணையக் கியோஸ்குகள் திறக்கப்பட்டன. என்-லோக் என்ற நிறுவனம் அவற்றை நடத்த உதவியது. போதிய வருவாய் இல்லாததால் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. எனினும் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு நேரடியாக இணையம் தரலாம் என்ற கருத்து அங்கேயே செயலில் காட்டப்பட்டுவிட்டது. பின்னாளில் கைபேசி நிறுவனங்கள் பெரிய அளவில் செய்தது இதன் தொடர்ச்சியே எனலாம்.

டேட்டா கார்டும் மின்வெட்டும்

2000களின் இறுதியில் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் டேட்டா கார்டுகள் சந்தைக்கு வந்தன. டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் ஆகியவற்றின் உயர்வேக வகைகள் அதிகபட்சம் 3.1 மெகாபிட் வேகத்தைக் குறிப்பிட்டு விற்கப்பட்டன. பி.எஸ்.என்.எல். 2009இல் மூன்றாம் தலைமுறைச் சேவையைச் சென்னையில் தொடங்கியது. 2010 அலைக்கற்றை ஏலத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் அச்சேவையைத் தந்தன.

இரண்டு உள்ளூர்க் காரணங்கள் இவற்றுக்குத் துணைநின்றன. முதலாவது, தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். கம்பி இணைப்பே இல்லாத வீடுகளுக்குள் கணினி வந்து சேர்ந்தது. இரண்டாவது, 2012ஐ ஒட்டிய கடும் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன, விசைத்தறிகள் முடங்கின. கம்பி அகலப்பட்டையின் மோடத்துக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மடிக்கணினியும் டேட்டா கார்டும் மின்கலத்தில் ஓடின. கோபுரங்கள் டீசல் மின்னாக்கியில் இயங்கின. மின்சாரம் நம்பகமற்றதாக இருந்த காலத்தில் கம்பியில்லா இணைப்பே நம்பகமானதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

2016க்குப் பின்

விலை மட்டும் தடையாக நின்றது. 2014இல் ஒரு ஜிகாபைட் கைபேசித் தரவின் விலை சராசரியாக 250 ரூபாய்க்கு மேல். 2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோவின் நான்காம் தலைமுறைச் சேவை தொடங்கி, 2017 மார்ச் வரை தரவு இலவசமாக வழங்கப்பட்டது. மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. சில ஆண்டுகளில் ஒரு ஜிகாபைட் பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. மாதக் கணக்கில் வாங்கிய தரவு நாளொன்றுக்கு இத்தனை ஜிகாபைட் என்ற கணக்குக்கு மாறியது.

இதே காலத்தில் கம்பி தேய்ந்தது. 2007இல் இந்தியாவில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த கம்பிவழித் தொலைபேசி இணைப்புகள் 2020இல் சுமார் 2 கோடியாகச் சுருங்கின. 2024 தொடக்கத்தில் நாட்டின் கம்பிவழி அகலப்பட்டை இணைப்புகள் ஏறத்தாழ 4 கோடி. கைபேசி வழி அகலப்பட்டை இணைப்புகள் ஏறத்தாழ 88 கோடி.

இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். கம்பி இணைப்பு ஒன்று என்றால் அது ஒரு வீடு. கைபேசி இணைப்பு ஒன்று என்றால் அது ஒரு சிம் அட்டை. 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இந்திய வீடுகளில் கணினி இருந்தவை 10.7 சதவீதம், இணைய வசதி இருந்தவை 23.8 சதவீதம். இரண்டுக்கும் இடைப்பட்ட வீடுகள் கைபேசியை மட்டுமே இணையமாகக் கொண்டவை.

பெருந்தொற்றுக் காலம்

அந்த வேறுபாட்டின் விலை 2020இல் தெரிந்தது. மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டுப் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன. வகுப்புகள் இணையவழிக்கு மாறின. வீட்டில் கம்பி இணைப்பு இருந்தால், யார் வெளியே போனாலும் இணையம் வீட்டிலேயே இருக்கும். கைபேசியே இணைப்பானால், அதை வைத்திருப்பவர் வேலைக்குப் போகும்போது இணையமும் உடன் போய்விடும். தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபின், பகல் ஷிஃப்டுக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில்தான் பிள்ளையின் வகுப்பறையும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைபேசியைப் பங்கிடும் சிக்கல் கூடுதலாகச் சேர்ந்தது. நாளுக்கான தரவு தீர்ந்தால் காணொளி வகுப்பு நின்றுவிடும்.

தமிழ்நாடு அரசு இரு வழிகளில் இதை எதிர்கொண்டது. பள்ளி மாணவர்களுக்கு 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிகாபைட் தரவு விலையில்லாமல் வழங்கப்படும் என அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி அறிவித்தார். ஏறத்தாழ 9.69 லட்சம் மாணவர்களுக்கான இத்திட்டத்தின் டேட்டா கார்டுகள் எல்காட் நிறுவனம் வழியாக வழங்கப்பட்டன. வீட்டுக்குக் கம்பி கொண்டு சேர்க்க அவகாசம் இல்லாத நிலையில், அரசும் கைபேசி வலையமைப்பையே நம்ப வேண்டியிருந்தது. தொற்றுக்கால இடைவெளியால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. இணையம் எட்டாத இடத்துக்குத் தன்னார்வலர் நடந்தே போக வேண்டியிருந்தது.

கம்பிக்கும் அலைக்கும் உள்ள வேறுபாடு

கைபேசி வலையமைப்பில் கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் குறிப்பிட்ட அளவு அலைக்கற்றையைக் கொண்டு இயங்குகிறது. நான்காம் தலைமுறையில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை சாதாரண அமைப்பில் அதிகபட்சம் 150 மெகாபிட் வேகம் தரும். இது ஒரு வீட்டுக்கு உரியது அன்று. அப்பக்கத்தில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் பொதுவானது. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியபின் வேகம் குறைவது இதனால்தான். காங்கிரீட் சுவர்களும் அலையை மட்டுப்படுத்தும்.

ஒளியிழை இணைப்பிலும் பங்கீடு உண்டு. ஆனால் பரவலாக உள்ள அமைப்பில் 2.5 கிகாபிட் திறனை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடுகின்றன. எத்தனை வீடு என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. கோபுரத்தின் கீழ் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பதற்கு அப்படி வரையறை இல்லை.

வீட்டில் தங்கும் அலை

இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்ட வீட்டு இணைப்பை ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ 2023 செப்டம்பரிலும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் அறிமுகம் செய்தன. மாடியிலோ சன்னலிலோ பொருத்தும் அலைவாங்கி கோபுரத்தின் அலையைப் பெற்று, வீட்டுக்குள் உள்ள ரௌட்டருக்கு அனுப்புகிறது. 2025 நடுப்பகுதியில் இத்தகைய ஐந்தாம் தலைமுறை இணைப்புகள் நாட்டில் 70 லட்சத்தைக் கடந்தன.

பிற நாடுகளிலும் இவ்வழி உள்ளது. இலங்கையில் டயலாக், சிறீலங்கா டெலிகாம் ஆகிய நிறுவனங்கள் 2010களிலேயே நான்காம் தலைமுறை ரௌட்டர்களை வீட்டு இணைப்பாக வழங்கின. அமெரிக்காவில் வெரைசன் 2018இலும் டி-மொபைல் 2021இலும் ஐந்தாம் தலைமுறை வீட்டு இணையத்தைத் தொடங்கின.

தமிழ்நாட்டில் ஒளியிழையும் விரிந்து வருகிறது. பாரத்நெட் திட்டத்தின் கீழ் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மேற்கொண்டது. நகராட்சிகளில் தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள் இயக்குநர்களும் ஒளியிழை இணைப்பைத் தருகின்றனர்.

மதிப்பீடு

விசைத்தறி ஊரின் எளிய குடும்பங்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்தது கைபேசிக் கோபுரமே. கம்பி வரும்வரை காத்திருந்திருந்தால் அவற்றில் பல இன்னும் காத்திருக்கும். அதே வேளை, அலையா கம்பியா என்ற கேள்வியைவிட முதன்மையான ஒன்றை இந்த வரலாறு காட்டுகிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம், சான்றிதழ் என மாணவர் வாழ்வின் ஒவ்வொரு படியும் இணையத்தைக் கேட்கிறது. அவற்றுக்கு வேண்டியது ஆளோடு வெளியே போகாமல், வீட்டிலேயே தங்கும் இணைப்பு. சுவரில் பொருத்திய ரௌட்டருக்கு வரும் அலையும் அந்த வேலையைச் செய்யும், ஒளியிழையும் செய்யும். ஒருவரது சட்டைப்பையில் உள்ள கைபேசியை மட்டும் வைத்து அந்த வீட்டுக்கு இணையம் உண்டு என்று கணக்கெழுதுவது, அவ்வீட்டுப் பிள்ளையைக் கணக்கில் விடுவதாகவே முடியும்.