இடம் சுற்றும் குதிரைகள்

அமெரிக்காவில் குடைராட்டினங்கள் இடமாகச் சுற்றுகின்றன. சந்நிதியை வலக்கைப் பக்கம் வைத்துப் பிரகாரம் சுற்றிப் பழகிய நமக்குக்கூட இது சட்டென்று கண்ணில் படுவதில்லை. இங்கிலாந்தில் அவை பெரும்பாலும் வலமாகத்தான் போகும். குதிரையின் இடப்பக்கமிருந்து ஏறுவது ஐரோப்பிய மரபு. வலமாகச் சுற்றும் மேடையில், வெளியே நிற்பவருக்கு அந்தப் பக்கம்தான் வசதியாக அமையும். அமெரிக்கா திசையை மாற்றியதற்குப் பித்தளை வளையத்தைக் காரணமாகச் சொல்வார்கள். சுற்றும்போதே எட்டி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தை வலக்கையால் பிடுங்க வேண்டும். பித்தளை வளையம் கிடைத்தால் அடுத்த சுற்று இலவசம். குதிரை வீரர்கள் ஈட்டியால் வளையம் குத்திப் பழகிய பழைய பயிற்சியின் மிச்சம் அது.

அந்த வளைய விளையாட்டு இன்றும் நடக்கும் வெகுசில இடங்களில் ஒன்று, சான் ஹோஸேயிலிருந்து 17ஆம் எண் மலைச்சாலையில் இறங்கினால் வரும் சாண்டா குரூஸ் கடற்கரைப் பூங்கா. அங்குள்ள ராட்டினம் 1911இல் வந்தது. 73 மரக்குதிரைகள். பிடுங்கிய வளையத்தை ஒரு கோமாளிப் படத்தின் வாயைக் குறிபார்த்து எறியலாம். 1987இல் அதற்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

அதைச் செய்தவர் சார்ல்ஸ் ஐ. டி. லூஃப். அன்று டென்மார்க் மன்னரின் ஆளுகையில் இருந்த ஹோல்ஸ்டைனில் 1852இல் பிறந்து, 1870இல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். பெயரில் நடு எழுத்து வேண்டும், அடையாளத்துக்கு அவசியம் என்று குடியேற்ற அதிகாரி சொல்ல, அடையாளம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'ஐ. டி.'யையே அவர் நடுப்பெயராக வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயரை இரண்டாய் உடைத்துப் படிவம் நிரப்பிய நம்மவர் யாருக்கும் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது.

புரூக்ளினில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் லூஃபுக்கு வேலை. மிஞ்சிய மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் விலங்குகளாகச் செதுக்கினார். 1876இல் கோனி ஐலண்ட் கடற்கரையின் முதல் குடைராட்டினத்தை நிறுவினார். பிலடெல்ஃபியாவில் பெயர்பெற்ற குஸ்தாவ் டென்ட்ஸல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். மார்க்கஸ் இலியன்ஸ் லித்துவேனிய யூதர். தொழுகைக்கூடத்துக்குச் சிங்கம் செதுக்கிய கை, ராட்டினத்துக்குப் பிடரி பறக்கும் குதிரையும் செதுக்கியது. சுற்றும் திசை மாறியதால் பார்ப்பவர் கண்ணில் படுவது குதிரையின் வலப்பக்கம். பூவும் மணியும் கண்ணாடிக் கற்களும் அந்தப் பக்கத்தில்தான் குவிந்தன; உள்பக்கம் சிக்கனமாக முடிந்தது. இன்று 'அமெரிக்கக் குழந்தைப் பருவம்' என்று அஞ்சலட்டைகளில் பார்ப்பதைச் செதுக்கியவர்களில் பலர் இப்படிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

நம்மில் பலருக்கு, சாண்டா குரூஸைவிடப் பழக்கமான ராட்டினம் சாண்டா கிளாராவில் இருக்கிறது. நாடு 200ஆம் ஆண்டு விழா கொண்டாடிய 1976இல், மேரியட் ஓட்டல் நிறுவனம் அங்கே கிரேட் அமெரிக்கா பூங்காவைத் திறந்தது. வாசலைத் தாண்டியதும் எதிரே நிற்பது 'கரோசல் கொலம்பியா': இரண்டு அடுக்கு, ஏறக்குறைய 100 அடி உயரம். அமெரிக்காவைப் பெண்ணாக உருவகித்து வைத்த பெயர்தான் கொலம்பியா. அதன் விலங்குகள் பழைய மரச்சிற்பங்களின் சாயலில் வார்க்கப்பட்டவை. லூஃப் காலத்துக் கைவேலை நூறாண்டுகளில் தேசிய அலங்காரமாகிவிட்டிருந்தது.

பூங்காவின் பிற்கால வரலாறு நிலத்தின் வரலாறு. சுற்றிலும் மென்பொருள் அலுவலகங்கள் எழ எழ மண்ணின் விலை ஏறியது. மேரியட் விற்க முனைந்தபோது, 1985இல் நகராட்சியே பூங்காவை வாங்கியது. 1989இல் பூங்காவைத் தனியாருக்கு விற்றபோதும் நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2019இல் அந்த நிலமும் 15 கோடி டாலருக்குப் பூங்காவை நடத்திய சீடர் ஃபேர் நிறுவனத்திடம் போனது. மூன்றே ஆண்டுகளில் அந்நிறுவனம் அதைக் கிடங்குகள் கட்டும் புரோலாஜிஸுக்கு ஏறத்தாழ 31 கோடி டாலருக்கு விற்றது. குத்தகைக்குப் பூங்கா தொடரலாம், அதிகபட்சம் 11 ஆண்டுகள். இந்த ஏற்றத்துக்குக் காரணமான தொழிலில்தான் என்னைப்போன்றவர்கள் பிழைக்கிறோம். அந்த அலுவலகங்களின் குடும்ப நாள்களில் நம் பிள்ளைகள் சுற்றியதும் அதே ராட்டினத்தில்தான்.

இதற்கு வேறு முடிவும் சாத்தியம் என்று நியூ ஜெர்சியின் சீசைட் ஹைட்ஸ் காட்டுகிறது. அங்கிருந்த பழைய ராட்டினத்தை 1984இல் குதிரை குதிரையாகப் பிரித்து விற்பதாக இருந்தார்கள். அதில் சுற்றி வளர்ந்த பேராசிரியர் ஃப்ளாய்ட் மோர்லண்ட் போராடித் தடுத்தார். 2012இல் சாண்டிப் புயலையும் அது தாங்கியது. பிறகு நகராட்சி, கடற்கரை நிலத்தில் ஒரு பகுதியை மாற்றாகக் கொடுத்து அதைத் தன்னுடைமை ஆக்கிக்கொண்டது. அந்த ஊர் நம் ஊர்களைவிடப் பணக்கார ஊர் அல்ல.

சென்னையில் சாந்தி தியேட்டர் போனதற்கு இங்கே உட்கார்ந்து வருந்துகிறோம். அதைத் தடுக்க நம்மிடம் வாக்கு இருக்கவில்லை. சாண்டா கிளாராவில் நம்மில் பலருக்கு வாக்கும் வரி ரசீதும் இருக்கின்றன. பூங்காவைக் காப்பாற்ற முடியாமலே போகலாம். ஆனால் ராட்டினம் கழற்றி மாட்டக்கூடிய பொருள். அதை நகரத்துக்குள் எங்காவது நிறுத்துங்கள் என்று கேட்கலாம். நகரமன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். குடியுரிமையோ நடு எழுத்தோ அங்கே யாரும் கேட்பதில்லை.