மஞ்சள் சூரஞ்சான்

மஞ்சள் சூரஞ்சான், பனி உருகும் காலத்தில் மேற்கு இமயமலைச் சரிவுகளில் பூக்கும் சிறு கிழங்குச் செடி. தாவரவியல் பெயர் கொல்சிகம் லூட்டியம். நடு ஆசியா, ஆப்கானிஸ்தான், காஷ்மீர் ஆகிய பகுதிகளில் வளர்கிறது. தமிழ்நாட்டின் செங்காந்தளும் இதே குடும்பம்.

அமைப்பு

கொல்சிகம் இனங்களில் பல, இலையுதிர்காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூப்பவை. இதுவோ வசந்தத்தில் பொன்மஞ்சளாகப் பூக்கும். சூலகம் மண்ணுக்குள் இருக்க, நீண்ட குழல் ஒன்று இதழ்களை வெளியே ஏந்தி நிற்கும். காய் முற்றும்போதுதான் அது மண்ணுக்கு மேலே வரும். குங்குமப்பூச் செடியை ஒத்திருந்தாலும், அதில் மகரந்தத் தாள்கள் மூன்று, இதில் ஆறு. செடியெங்கும் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால், இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது உயிர் காக்கும்.

வரலாறு

கொல்சிகக் கிழங்கு என்று கருதப்படும் மருந்தை 6ஆம் நூற்றாண்டிலேயே திராலெஸ் நகர மருத்துவர் அலெக்சாந்தர் மூட்டுவலிக்குக் கொடுத்தார். அரபு, பாரசீக மருத்துவர்கள் வழியாக அது யுனானி மருத்துவத்தில் நிலைத்தது. யுனானி மருத்துவர்கள் சூரஞ்சானின் இனிப்பு வகையை உள்ளுக்குக் கொடுப்பார்கள். கசப்பானதை மேற்பூச்சோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1820இல் பெல்த்தியே, காவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் கொல்சிகத்திலிருந்து அதன் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகள் உருவாகாமல் கொல்சிசின் தடுக்கிறது. அதனால் குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன. சென்னையில் படித்து, கோவை கரும்பு இன விருத்தி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்சிசினைக் கொடுத்து ஆய்வு செய்தார்.

இன்றைய நிலை

யூரிக் அமில மூட்டுவலிக்குக் கொல்சிசின் இன்றும் தரப்படுகிறது. ஆனால் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மருத்துவர் சொல்லாமல் இக்கிழங்கை யாரும் உட்கொள்ளக் கூடாது.

கிழங்கைத் தோண்டினால் செடி அதோடு முடிந்தது. காட்டுக் கிழங்கையே நம்பியிருக்கும் மருந்து வணிகம் மலைப்பூவை அழித்துவிடும். இதற்கு மாறாக, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் செங்காந்தளைப் பந்தலில் பயிரிட்டு, விதையை விற்கிறார்கள். அந்த விதையிலிருந்தே கொல்சிசின் கிடைக்கிறது. சூரஞ்சானுக்கும் இப்படியொரு சாகுபடி வேண்டும். மருத்துவத்துக்கு இத்தனை கொடுத்த செடியைக் காப்பது, அதைப் பயன்படுத்துவோரின் கடமை.