அழுத்திப் பேசும் செயலிகள்

திரையில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால், எதிர்முனையில் இருப்பவரின் கைபேசியில் அந்தக் குரல் உடனே ஒலிக்கும்படி அமைந்த செயலிகள் இவை. மணி அடிக்காது, அழைப்பை எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே முடியும். அவர் விரலை எடுத்த பிறகே அடுத்தவர் முறை. இது வாக்கி-டாக்கியின் வழக்கம். ஸெல்லோ, வாக்ஸர், டென்டென் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை.

வழக்கம் ஒன்றானாலும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. வாக்கி-டாக்கியில் வானொலி அலை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே போகிறது. செயலியிலோ குரல் சிறு சிறு தரவுத் துண்டுகளாகி, இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரை அடைந்து, அங்கிருந்து கேட்பவர்களுக்குப் பிரிகிறது. அதனால் தூரம் ஒரு தடையே அல்ல. ஆனால் செல்பேசி கோபுரமோ வைஃபையோ இல்லாவிட்டால் செயலி ஊமையாகிவிடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, சொந்தப் படகுகளோடு வந்த ‘கேஜன் நேவி’ தன்னார்வலர்கள் ஸெல்லோ வழியாகவே மீட்புப் பணியை ஒருங்கிணைத்தார்கள். அடுத்த மாதம் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, இணையமே இல்லாமல் இது இயங்கும் என்ற வதந்தி பரவி, மக்கள் இதைப் பதிவிறக்கிக் குவித்தார்கள். அது உண்மையல்ல என்று நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. புயல் நேரத்தில் உயிரோடு விளையாடிய வதந்தி அது.

அமெரிக்காவில் 1990களில் மோட்டோரோலா தொழில்நுட்பத்தைக் கொண்டு நெக்ஸ்டெல் நிறுவனம் கைபேசியிலேயே இந்த வசதியைத் தந்தது. கட்டடத் தொழிலாளர்களிடையே அது வெகுவாகப் பரவியது. அந்த வலையமைப்பை ஸ்பிரின்ட் 2013 ஜூன் 30 அன்று மூடியது. அதற்குள் செயலிகள் வந்துவிட்டன. 2007இல் லவுட்டாக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் பின்னர் ஸெல்லோ ஆனது. வாக்ஸரைத் தொடங்கிய டாம் கட்டிஸ் ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கச் சிறப்புப் படை வீரர். வாக்ஸரின் காப்புரிமைகளை மீறியதற்காக மெட்டா 17.45 கோடி டாலர் தர வேண்டும் என்று 2022இல் டெக்சாஸ் நடுவர் குழு தீர்ப்பளித்தது.

எல்லாக் குரலும் ஒரே நிறுவனத்தின் வழியே போவதால், அந்த வழியை அடைப்பது அரசுகளுக்கு எளிது. 2014 பிப்ரவரியில் வெனிசுவேலாவில் போராட்டம் வலுத்தபோது அரசுத் தொலைபேசி நிறுவனமான கான்டிவி ஸெல்லோவைத் தடுத்தது. ரஷ்யாவில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2015இல் வந்த ‘பிளாட்டன்’ சாலைக் கட்டணத்தை எதிர்த்த ஓட்டுநர்கள் ஸெல்லோவில்தான் கூடிப் பேசினார்கள். அரசுப் பதிவேட்டில் பதியவில்லை என்ற காரணத்தைக் காட்டி 2017 ஏப்ரலில் ரஷ்யா அதை முடக்கியது.

ஆனால் கூடிப் பேச வழி இருந்தால் யாரும் கூடலாம். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் சிலர் உள்ளிருந்தபடியே ஸெல்லோவில் பேசினார்கள். அந்த ஒலிப்பதிவு பின்னர் ஓத் கீப்பர்ஸ் என்ற ஆயுதக் குழுவினர் மீதான வழக்கில் சான்றாக வந்தது. ஒரு வாரத்துக்குள் ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய 2,000க்கும் மேற்பட்ட சேனல்களை நிறுவனம் நீக்கியது. அதற்கு முன்பே பத்திரிகையாளர்கள் எச்சரித்திருந்த நிலையில், இது காலம் கடந்த நடவடிக்கை என்றே சொல்ல வேண்டும். பொதுச் சேனலில் பேசுவது தெருமுனையில் உரக்கப் பேசுவதற்குச் சமம். கேட்பவர் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். கணக்கு விவரங்களும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 2020 ஜூலையில் ஸெல்லோ சர்வரில் ஊடுருவல் தெரியவந்ததையடுத்து, பயனர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

இவற்றைவிட அன்றாட வாழ்வைத் தொடும் கவலை ஒன்று உண்டு. சாதாரண அழைப்பில் மணிச் சத்தம் ஓர் அனுமதி கோரல். விருப்பமில்லையென்றால் எடுக்காமல் விடலாம். இங்கே அந்த வாசற்படியே இல்லை. 2024 வசந்த காலத்தில் பிரான்ஸின் பதின்பருவத்தினரிடையே டென்டென் காட்டுத்தீயாகப் பரவியது. பூட்டிய கைபேசியிலிருந்தும் நண்பரின் குரல் திடீரென்று ஒலிப்பதே அதன் ஈர்ப்பு. வகுப்பறையிலும் அப்படியே ஒலிக்கும். வசையும் மிரட்டலும்கூட அதே வழியில் தடையின்றி வரும். நண்பராகச் சேர்வதற்கான குறியீட்டைப் பிள்ளைகள் சமூக ஊடகத்தில் பகிர்ந்தால் முன்பின் தெரியாதவர் நுழைய வழி பிறக்கும்.

செயலி எந்நேரமும் ஒட்டுக்கேட்கிறதோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. பேச்சைப் பெறும் கைபேசியில் திறப்பது ஒலிபெருக்கிதான், மைக் அல்ல. இந்த எல்லை காக்கப்படும்வரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. எல்லை உடையவே உடையாது என்றும் சொல்ல முடியாது. ஆப்பிள் வாட்ச்சின் வாக்கி-டாக்கி செயலியில், குறிப்பிட்ட சூழலில் ஒருவரது ஐபோன் வழியே அவர் சம்மதமின்றிக் கேட்க இடம்தரும் குறை 2019 ஜூலையில் வெளிப்பட்டது. யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்று கூறிய ஆப்பிள், சேவையை நிறுத்திவைத்து, வாட்ச் ஓஎஸ் 5.3 பதிப்பில் சரிசெய்தது. 2022இல் ஐஓஎஸ் 16உடன் இத்தகைய செயலிகளுக்கென்றே தனிக் கட்டமைப்பைத் தந்தது. அதன்படி சேனலில் சேர்ந்திருப்பதையும் குரல் வருவதையும் போவதையும் கைபேசியே திரையில் காட்டுகிறது. அங்கிருந்தே சேனலைவிட்டு வெளியேறவும் முடிகிறது.