மருந்துச் சீட்டு முதல் நோயாளி வரை: மருத்துவமனை மருந்தாளுநரின் பணி என்ன?

மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியைச் சென்றடையும் முன், அது சரியான மருந்துதானா, அளவு பொருந்துகிறதா, அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடு மோதுமா என்று பரிசீலிக்க வேண்டியவர் மருந்தாளுநர். நம் மருத்துவமனைகள் பலவற்றில் அவரது பணி மருந்து வழங்கும் சன்னலோடு முடிந்துவிடுகிறது. அவரை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்ற தொடக்ககால முயற்சிகளில் முக்கியமான ஒன்று மைசூருவில் நடைபெற்றது.

1973-ல் தொடங்கப்பட்ட மைசூரு ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி, 1990-களின் பிற்பகுதியில் மருந்தியல் நடைமுறை என்ற முதுநிலைப் படிப்பை அறிமுகப்படுத்தியது. ஏறக்குறைய அதே காலத்தில் உதகமண்டலத்தில் உள்ள அதன் சகோதரக் கல்லூரியிலும் இப்படிப்பு தொடங்கியது. மாணவர்கள் மருத்துவர்களோடு வார்டுகளுக்குச் சென்று சிகிச்சைக் குறிப்பேடுகளை ஆய்வு செய்தனர். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்தனர். வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்து உட்கொள்ளும் முறையை விளக்கினர். இன்று இது இயல்பான செயலாகத் தோன்றலாம். அன்று, மருந்தாளுநருக்கு வார்டில் என்ன வேலை என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

இந்தப் பணியின் தேவையை விளக்க மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஒன்றே போதும். முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது. இதன் பக்கவிளைவுகளைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வேறு நாட்களில் உட்கொள்ளுமாறு எழுதப்படும். இரண்டும் சிறிய மாத்திரைகள். மஞ்சள் நிறத்திலும் வருவதுண்டு. தினமும் மாத்திரை உட்கொண்டு பழகிய முதியவர் இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டால் வாய்ப்புண், எலும்பு மஜ்ஜை பாதிப்பு, கடும் நோய்த்தொற்று ஆகியவை ஏற்படும், உயிரிழப்பும் நேரலாம். சீட்டில் பிழை இல்லை, மருந்திலும் பிழை இல்லை. 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று உறையின் மேல் எழுதி, அதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்யும் இரண்டு நிமிடங்கள்தான் விடுபட்டுப் போகின்றன.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலிலும் இதே ஆபத்து உண்டு. 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பும், 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் ஒரே பெயரில் கிடைக்கின்றன. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து செல்லும்.

மண்டியா மாவட்டத்தின் மேல்கோட்டை மைசூருவிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. இத்தகைய சிற்றூர்களிலிருந்து நகர மருத்துவமனைக்கு வந்து திரும்புவோருக்கு, சந்தேகம் எழும்போது மீண்டும் கேட்க ஆள் அருகில் இருப்பதில்லை. எனவே வீடு திரும்பும் நாளில் சொல்லப்படுவதே அவர்களுக்கு வழிகாட்டி. மேல்கோட்டை ஒரு வைணவத் தலம்; ஏகாதசி விரதம் அங்கு பலருக்கு வாழ்க்கை முறை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையை உணவின்றி எடுத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையும். விரதம் இருப்பீர்களா என்று கேட்கும் பகுதி எந்த மருந்துச் சீட்டிலும் இல்லை; எதிரில் நிற்பவர்தான் கேட்க வேண்டும். விரத நாளில் மருந்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆனால், கேள்வி அவரிடம் சென்றுசேர மருந்தாளுநர் உதவ முடியும்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 1948-ம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, மருத்துவரின் சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும். 2015-ல் வெளியான மருந்தியல் நடைமுறை விதிமுறைகள், சீட்டைப் பரிசீலிப்பதையும் நோயாளிக்கு ஆலோசனை வழங்குவதையும் அவரது பணியாக வரையறுத்தன. 2008-ல் ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பும் அறிமுகமானது. படிப்பு வந்த வேகத்தில் பணியிடங்கள் வரவில்லை என்பதே குறை. அரசு மருத்துவமனைகளில் வார்டு சார்ந்த மருந்தாளுநர் பணியிடங்கள் அரிது. நீண்ட வரிசைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் ஒருவரிடம் ஆலோசனையையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மருந்துசார் தவறுகளால் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4,200 கோடி டாலர் செலவாவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்புகளை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் 2017-ல் உலகளாவிய இயக்கம் ஒன்றையும் அது தொடங்கியது.

இந்தியாவில் 2010-ல் தொடங்கப்பட்ட மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. மருந்தால் ஒவ்வாமையோ எதிர்பாராத பாதிப்போ ஏற்பட்டால் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றி நோயாளியும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், உட்கொண்ட அளவு, தொடங்கிய தேதி, பாதிப்பு தோன்றிய தேதி ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பதும், மருந்து அட்டையைத் தூக்கி எறியாமல் இருப்பதும் அப்போது உதவும்.